சென்சார் யாரைக் காப்பாற்றுகிறது? வடசென்னையிலிருந்து ஒரு கணக்கு

2018 அக்டோபரில் வெற்றிமாறனின் 'வடசென்னை' படத்துக்கு இரண்டு தடவை தணிக்கை நடந்தது. முதலாவது சட்டப்படி நடந்தது. தணிக்கை வாரியம் படத்தைப் பார்த்துவிட்டு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. 18 வயது ஆகாதவர்கள் பார்க்கக் கூடாது என்பது அதன் பொருள். இரண்டாவது, படம் தியேட்டருக்கு வந்த பிறகு நடந்தது. மீனவர்களைக் கேவலப்படுத்துகிறது என்று மீனவ மக்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. இயக்குநர் மன்னிப்புக் கேட்டார்; படகில் எடுத்த ஒரு காட்சியை நீக்குவதாகச் சொன்னார். அந்த நாட்களில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இரண்டு கட்சி இருந்தது. "நம்ம கதையை இப்பதான் ஒருத்தன் ஒழுங்கா எடுத்திருக்கான்" என்பது ஒன்று. "திரும்பவும் நம்மள ரவுடின்னு காட்டிட்டாங்க, இதையெல்லாம் சென்சார்ல எப்படி உட்டாங்க?" என்பது இன்னொன்று.

இரண்டாவது கட்சியின் கேள்வி லேசானது இல்லை. படங்களில் அடிபட்டு அடிபட்டு வந்த கேள்வி அது. பொழுதுபோக்குக்குத் தணிக்கை வேண்டுமா என்ற விவாதத்தை நகரத்தின் தெற்குப் பக்கத்தில் நடத்தினால் கருத்துரிமை, கலைச் சுதந்திரம் என்று சீக்கிரம் முடித்துவிடலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், வடசென்னையில், அப்படி முடியாது. திரையில் அவமானப்படுகிறவர்கள் நாங்கள்தான். அப்படியும் நான் நிற்பது கத்திரிக்கு எதிர்ப்பக்கம். பிள்ளைகளை முன்னிட்டு வயது பிரிப்பது நியாயம். ஒரு ஆளையோ கூட்டத்தையோ வெட்டு, கொளுத்து என்று தூண்டிவிடுவதைச் சட்டம் போட்டு நிறுத்துவதும் நியாயம். ஆனால் ஓட்டுப் போடும் வயது வந்தவனுக்கு அரசாங்கம் வெட்டி ஒட்டித்தான் படம் காட்டும் என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. பலவீனமானவர்களைக் காப்பதற்கு என்று சொல்லித்தான் அந்தக் கத்திரியைக் கையில் எடுத்தார்கள். நூறு வருஷத்தில் அது எங்களை ஒரு தடவைகூடக் காப்பாற்றவில்லை.

தரை டிக்கெட்டைப் பார்த்து வந்த பயம்

தணிக்கைச் சட்டங்களின் கதையைப் புரிந்துகொள்ள வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே இருந்த ஒற்றைவாடைக் கொட்டகை ஒரு காலத்தில் சென்னையின் நாடக உலகத்துக்குத் தலைவாசல். நாடகத்தை அடக்க வெள்ளைக்காரர்கள் 1876இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். வங்காளத்தில் மேடையேறிய சில நாடகங்கள் ஆட்சியாளர்களைக் கிண்டலடித்ததன் விளைவு அது. தமிழ்நாட்டில் விஸ்வநாததாஸ் புராண நாடகத்தில் வேஷம் கட்டி நிற்கும்போதே நடுவில் கொக்கு பறப்பதைப் பற்றி ஒரு பாட்டு எடுத்துவிடுவார். எந்த வெள்ளைக் கொக்கு என்று சபைக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். மேடையிலேயே கைதானவர் அவர், அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை அல்ல.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் மட்டும் போகவில்லை. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் சர்ச்சையான சமயத்தில், 1954இல், சுதந்திர இந்தியாவின் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டுக்கொண்டது. நாடகம் போடுமுன் எழுத்துப் பிரதியைப் போலீஸ் பார்க்கலாம், வேண்டாம் என்றால் தடுக்கலாம். ராதா அதற்கெல்லாம் மசிகிற ஆளா? ஒரு பெயரில் தடை போட்டால் இன்னொரு பெயரில் அதே நாடகம் மேடையேறும். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2013இல். வழக்குப் போட்டவர் எழுத்தாளர் ஞாநி. 1876ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தை 2018இல்தான் ரத்து செய்தார்கள்.

சினிமா வந்தபோது பயம் இன்னும் கூடியது. 1918இல் சட்டம், 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள். போலீஸ் கமிஷனர்தான் பெரியவர். மின்ட் ஸ்ட்ரீட்டில் கிரவுன் போன்ற கொட்டகைகளில் கூலிக்காரர்கள் உட்கார்ந்து ஹாலிவுட் படம் பார்க்க ஆரம்பித்த காலம். படிப்பறிவில்லாத இந்தியன் வெள்ளைக்காரப் பெண்களைத் திரையில் அப்படி இப்படிப் பார்த்துவிட்டால் ஆட்சி மேல் மரியாதை போய்விடும் என்று கவலைப்பட்டார்கள். 1927இல் இதை விசாரிக்க ஒரு குழுவே போட்டார்கள். தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். வாரியம் அனுமதித்த பிறகும் அரசாங்கம் தடை போடலாம் என்பதற்கு உதாரணம் 'தியாகபூமி': 1939இல் வந்தது, 1940இல் தடை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பெஞ்சிலும் சோபாவிலும் உட்கார்ந்தவர்கள் கெட்டுப்போவார்கள் என்று எவரும் பயந்ததில்லை. பயமெல்லாம் தரை டிக்கெட்டைப் பார்த்து. தரை டிக்கெட் வாங்கியவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கு எப்படி நடக்கிறது

இப்போது நடப்பில் இருப்பது 1952ஆம் வருஷத்துச் சினிமா சட்டம். அதன் 5பி பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்தைத் தூண்டுவது. இதில் எதற்காவது படம் விரோதமாக இருந்தால் சான்றிதழ் கிடையாது. அதற்கு மேல் 1991இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டு நெறிகள். வன்முறையைப் புகழக் கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, இனம், மதம் அல்லது வேறு எந்தப் பிரிவினரையும் கேவலமாகக் காட்டக் கூடாது என்று நீளும். கூடவே, படத்தை முழுசாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. இந்தக் கடைசி வரியைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

சென்னை மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில். ஒரு அதிகாரியும் சில உறுப்பினர்களும் சேர்ந்து படம் பார்ப்பார்கள். பிறகு தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, இந்த வசனத்தை மியூட் பண்ணு, அந்த ஷாட்டைக் குறை என்று பட்டியல் கொடுப்பார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுஆய்வுக் குழு. அதிலும் சரிப்படாவிட்டால் முன்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேரே உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இந்த வரிசையில் பணம் விளையாடவும் இடம் இருக்கிறது. ஒரு படத்தின் இந்திப் பதிப்புக்குச் சான்றிதழ் வாங்க மும்பையில் 6.5 லட்சம் ரூபாய் லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது என்று நடிகர் விஷால் 2023இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். சிபிஐ வழக்குப் பதிந்தது.

புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் முன்தணிக்கை இல்லை. சினிமாவுக்கு மட்டும் ஏன்? 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில், சினிமா மற்றக் கலைகளைவிட மனசை ஆழமாகத் தொடுகிறது, ஆகவே தனியாக நடத்தலாம் என்பது. 1989இல் இன்னொரு தீர்ப்பு இன்னும் விளக்கமாகச் சொன்னது: அரையிருட்டில், கவனத்தைச் சிதறடிக்கும் எதுவும் இல்லாமல், காட்சியும் ஒலியும் சேர்ந்து தாக்குகின்றன. தண்டையார்பேட்டை மகாராணி தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். விசிலும் பேப்பர் மழையும் பறக்கிற இடத்தில், வசனத்துக்குப் பதில் வசனம் பேசுகிற கூட்டத்தில், படம் எங்களைத் தாக்குகிறதா, நாங்கள் படத்தைத் தாக்குகிறோமா என்றே சொல்ல முடியாது. பக்கத்து அகஸ்தியா தியேட்டரை 2020இல் மூடிவிட்டார்கள். இப்போது பாதிப் படங்களைப் பார்ப்பது பஸ்ஸில், போனில், நடுநடுவே வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு. அந்த அரையிருட்டு வாதம் நின்ற தரையே இன்றைக்கு இல்லை.

'யு' என்கிற வியாபாரம்

தமிழ் சினிமாவில் கத்திரி விழுவதற்கு ஒழுக்கத்தைவிடப் பெரிய காரணம் பணம். 2006இல் தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று மாநில அரசு அறிவித்தது. 2011இல் அதோடு, எல்லாரும் பார்க்கலாம் என்கிற 'யு' சான்றிதழும் வேண்டும் என்று சேர்த்தார்கள். ஜிஎஸ்டி வந்த 2017 வரைக்கும் இந்த ஏற்பாடு ஓடியது. தொலைக்காட்சியில் 'ஏ' படத்தைப் போட முடியாது என்பதால் சேனல்காரர்கள் கொடுக்கும் சேட்டிலைட் பணமும் சான்றிதழைப் பொறுத்தது. ஆகவே தயாரிப்பாளர் வாரியத்துக்குப் போவது 'என் படத்தை விடுங்கள்' என்று கேட்க இல்லை. 'எவ்வளவு வேணும்னாலும் வெட்டுங்க, "யு" குடுங்க' என்று கேட்கத்தான்.

விளைவு விநோதமானது. பெரியவர்களுக்கு என்று எடுத்த வெட்டுக்குத்துப் படம் நாலு வார்த்தையை மியூட் செய்து, ரத்தத்தைக் கறுப்பாக்கி, எல்லாரும் பார்க்கலாம் என்ற முத்திரையோடு வெளியே வரும். கத்தி இறங்கும் சத்தம் அப்படியே இருக்கும். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் ஒலி மட்டும் நிற்கும். நடிகரின் உதடு அசையும். அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் அந்த வார்த்தையை ஒரே குரலில் நிரப்புவார்கள். அப்பா மடியில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பையனும் சேர்ந்துதான். பையன் வார்த்தையைக் கேட்கக் கூடாது என்றால் அவனை அந்தப் படத்துக்கு விட்டிருக்கக் கூடாது. விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் பிடுங்குவதில் அவனுக்கும் லாபமில்லை, படத்துக்கும் லாபமில்லை.

மியூட் ஆகும் வார்த்தைகளில் நிறைய எங்கள் பேச்சு. அது ஒரு தனிச் சங்கடம். காசிமேட்டு ஏலக்கடையில், பாக்ஸிங் பயிற்சிக் கூடத்தில், கேரம் போர்டைச் சுற்றி, ஆளுக்கு ஆள் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வது திரையில் மௌனமாகிவிடும். இரட்டை அர்த்தப் பாட்டு மட்டும் நல்ல தமிழில் இருப்பதால் தப்பித்துவிடும்.

கத்திரி தொடாத அவமானம்

இப்போது அந்த இரண்டாவது கட்சிக்கு வருவோம். 1958இல் 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசியபோது அது ஒரு கலைஞனின் கூர்மை. பின்னால் வந்தவர்கள் அதை அச்சு வார்த்துவிட்டார்கள். எங்கள் பேச்சு சிரிக்க வைக்கும் சரக்கானது. அதற்குப் பிறகு வந்த காலத்தில் சிரிப்பும் போய், கைலி, கத்தி, கஞ்சா மட்டும் மிஞ்சியது. 'காசிமேடு', 'வியாசர்பாடி', 'புளியந்தோப்பு' என்று திரையில் ஊர்ப் பெயர் விழுந்தாலே அடுத்த ஷாட்டில் ஒருவன் விழுவான் என்று எல்லாருக்கும் தெரியும். வியாசர்பாடிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவது, மில் தொழிலாளர்கள் சங்கம் கட்டியது, ராயபுரத்து நூலகம், பெரம்பூர் ரயில்வே பட்டறை வேலைக்குப் போன மூன்று தலைமுறை எதுவும் திரைக்கு வரவில்லை.

இது வெறும் மனவருத்தம் இல்லை, நடைமுறையில் அடிக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் போடும் பையனிடம் வீட்டில் சொல்வார்கள்: "வியாசர்பாடின்னு போடாதடா, பெரம்பூர்னு போடு, பின்கோடு யாரும் பாக்க மாட்டாங்க." வாடகை வீடு தேடும்போது, பெண் பார்க்கும்போது, ராத்திரி ரோந்து போலீஸ் வண்டியை நிறுத்தும்போது, முகவரி முதலில் பேசும். இந்த முகவரிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் சினிமாவுக்குப் பங்கில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

1991 நெறிகளில் 'வேறு எந்தப் பிரிவினரையும்' என்ற சொற்கள் இருக்கின்றன என்று மேலே சொன்னேனே, அந்தப் பிரிவில் நாங்கள் எப்போதும் வந்ததில்லை. எங்களை ரவுடி என்று காட்டிய படங்கள் வரிசையாக 'யு' வாங்கிக்கொண்டு, வரிவிலக்கும் வாங்கிக்கொண்டு போயின. பெண்களின் விஷயத்திலும் இதே கதைதான். 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் பட்டப்பகலில் கொல்லப்பட்டபோது, பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்துவதைக் காதல் என்று காட்டிய கதாநாயகர்களைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அந்தப் படங்கள் எல்லாம் பெண்களை இழிவுபடுத்தக் கூடாது என்ற நெறியைத் தாண்டி வந்தவைதான்.

சரி, அப்படியானால் நெறியை இன்னும் இறுக்கிவிடலாமே? எங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாமே? இங்கேதான் இரண்டாவது கட்சியோடு எனக்குக் கருத்து வேற்றுமை. கத்திரி என்பது அவமானப்பட்டவன் கைக்கு வருவதே இல்லை. ஏற்கெனவே குரல் உள்ளவன் கைக்குத்தான் போகும். 2014இல் பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வியாசர்பாடி ஹவுசிங் போர்டுச் சுவர் ஒன்றை வைத்து, கட்சிகள் எங்கள் பிள்ளைகளை எப்படிப் பலி கொடுக்கின்றன என்று காட்டியது. 2021இல் அவருடைய 'சார்பட்டா பரம்பரை' எமர்ஜென்சி காலத்து வடசென்னையின் குத்துச்சண்டையைக் காட்டியது. ஐம்பது வருஷ அவமானத்துக்கு வந்த சரியான பதில்கள் இவை. 'சார்பட்டா' வந்தவுடனே எம்.ஜி.ஆரைத் தவறாகக் காட்டியிருக்கிறது என்று ஆட்சேபித்தவர் ராயபுரம் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ.வும் முன்னாள் அமைச்சருமான டி. ஜெயக்குமார். ஆட்சேபிக்க அவருக்கு உரிமை உண்டு. படம் நேரே ஓடிடியில் வந்ததால் ஆட்சேபம் ஆட்சேபமாகவே நின்றது. 'ஒரு பிரிவினர் மனம் புண்படும்' என்ற கத்திரி இன்னும் கூராக இருந்திருந்தால் முதலில் வெட்டுப்பட்டிருப்பது இந்த மாதிரிப் படங்கள்தான்.

எனக்குப் பிடிக்காத ஒரு படம்

இந்த வாதம் உண்மையா என்று சோதிக்க நமக்குப் பிடித்த படத்தை எடுத்துக்கொண்டால் பயனில்லை. பிடிக்காத படத்தை எடுக்க வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு படம். பிராமணப் பெண் ஒருத்தி வேறு பெயரில், பொய்ச் சாதிச் சான்றிதழ் வாங்கிப் படித்து அதிகாரி ஆகிறாள். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு தப்பு, பொருளாதாரத்தைப் பார் என்பது படத்தின் கட்சி. எங்கள் தெருக்களில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறியவர்கள் யாரால் ஏறினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் வயிற்றெரிச்சல்.

வாரியம் மறுஆய்வுக்குப் பிறகு 'யு' கொடுத்தது. வழக்கு வந்தது. உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் சான்றிதழை ரத்து செய்தது. படம் வந்தால் கலவரம் வரும் என்று மாநில அரசும் சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், 1989 மார்ச் 30இல் எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் என்ற தீர்ப்பு வந்தது. ஆர்ப்பாட்டம் வரும், ஊர்வலம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது. ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை, அது தன்னால் ஆகாது என்று கையை விரிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு தூரத்து ஊகமாக இருக்கக் கூடாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழுகிற பொறியைப் போல உடனடியாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு வைத்த அளவுகோல். இதற்கு முன்னும் பின்னும் இந்த விஷயத்தில் இவ்வளவு தெளிவாக எதையும் நான் படித்ததில்லை.

படம் வந்தது, போனது. நாலு வருஷம் கழித்து, 1993இல், தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு தனிச் சட்டமாகவே ஆனது. ஒரு படத்தால் கவிழ்ந்துவிடும் என்று பயந்த விஷயம் அந்தப் படத்தைவிட எத்தனையோ மடங்கு உறுதியானது.

வாரியம் இல்லாத இடத்தில்

தணிக்கை வாரியத்தைக் கலைத்துவிட்டால் தணிக்கை ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு வடசென்னையிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி, ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவில் மைக்கைப் பிடித்த பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தவர். சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிய விவாதத்தை ஒட்டிச் சில வருஷங்களுக்கு முன் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக் குழுவோடு அவர் பாடிய ஒரு பாட்டை 2024 நவம்பரில் திடீரென்று தோண்டி எடுத்தார்கள். போலீஸில் அவர் மேல் புகார்கள். அவருக்கு மிரட்டல்கள், ஆபாச வசை. கடைசியில் அவரே பாதுகாப்புக் கேட்டுப் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பாட்டுக்குச் சாஸ்திரி பவன் தேவைப்படவில்லை. ஒரு போன் நம்பர் வெளியே போனால் போதும்.

2013இல் 'விஸ்வரூபம்' படத்துக்கு வாரியம் சான்றிதழ் கொடுத்த பிறகு, மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டுத் தடுத்தார்கள். முஸ்லிம் என்றால் பயங்கரவாதி என்று காட்டிக் காட்டிப் புண்பட்ட சமூகத்தின் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நாங்களும் அதே பட்டியலில் பக்கத்துப் பெயர்தான். ஆனால் அந்தக் கோபத்தைத் தன் கணக்குக்குப் பயன்படுத்திக்கொண்டது அரசாங்கம். இரண்டு வாரத்துக்குப் பிறகு சில இடங்களை மியூட் செய்து படம் வந்தது. 'வடசென்னை' வந்து மூன்று வாரத்தில் வந்த 'சர்கார்' படத்தில், அரசு கொடுத்த இலவச மிக்ஸியைத் தீயில் போடும் காட்சிக்காக அன்றைய ஆளுங்கட்சிக்காரர்கள் தியேட்டர் வாசலில் பேனரைக் கிழித்தார்கள். காட்சி போயிற்று. மீனவர்கள் எதிர்த்ததும் இதுவும் ஒன்றா? இல்லை என்றே நினைக்கிறேன். 'எங்களை இப்படிக் காட்டாதே' என்று சொல்வதும் பேச்சுரிமைதான். அதைக் கேட்டு இயக்குநர் மனசு மாறுவது அவர் இஷ்டம். ஆட்சியில் இருக்கிறவன் பேனரைக் கிழித்துவிட்டுப் 'பேச்சுவார்த்தை' என்பது வேறு. எதிர்ப்பவன் கையில் அதிகாரமோ கல்லோ இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

எங்கே நிறுத்தலாம்

நிறுத்தியே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. ருவாண்டாவில் 1993இல் ஆர்டிஎல்எம் என்றொரு தனியார் வானொலி தொடங்கியது. நல்ல பாட்டு, ஜாலியான பேச்சு, இளைஞர்களுக்கு அதுதான் பிடித்த ஸ்டேஷன். பாட்டுக்கு நடுவே, அந்த நாட்டின் சிறுபான்மை இனத்தவரான டூட்ஸிகளைக் கரப்பான்பூச்சி என்று பேசியது. 1994இல் கொலைகள் ஆரம்பித்தபோது ஆட்களின் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொன்னது. அதன் பின்னால் இருந்தவர்களை ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003இல் தண்டித்தது. பொழுதுபோக்கு என்ற பெயர் எதையும் காப்பாற்றக் கூடாது என்பதற்கு இது போதும். குழந்தைகளைப் பாலியல் பொருளாக்கும் எதுவும், எடுக்கும்போதே குற்றம், போக்சோ இருக்கிறது. அங்கே கலைக்கு இடமில்லை, விவாதத்துக்கும் இடமில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்தணிக்கை வாரியம் தேவையா? தேவை குற்றவியல் சட்டம், அதைப் பயன்படுத்தும் போலீஸ்.

பிள்ளைகள் என்று வரும்போதுதான் உண்மையான வேலை இருக்கிறது. 2023இல் திருத்திய சட்டம், பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற பழைய 'யு/ஏ'வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தது. நல்ல காரியம். ஆனால் 'ஏ' படத்துக்குச் சிறுவனை உள்ளே விட்டால் மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் ஏற்கெனவே இருந்தும், மாலில் அடையாள அட்டை கேட்கிறார்கள், எங்கள் பக்கத்துக் கவுண்டரில் தலையை எண்ணி டிக்கெட் கிழிக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை போன். ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா வேலைக்குப் போய்வரும்வரை பிள்ளை கையில் இருப்பது அதுதான். ஓடிடி தளங்கள் வயது முத்திரை குத்த வேண்டும், பூட்டு வைக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. அந்தப் பூட்டைப் போடத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்? ரீல்ஸுக்குப் பூட்டு எங்கே? சாஸ்திரி பவனில் ஒரு வசனத்துக்காக நடக்கும் இழுபறியில் செலவாகும் சக்தியில் பத்தில் ஒரு பங்கு மாநகராட்சிப் பள்ளிகளில் இதைச் சொல்லிக்கொடுக்கச் செலவானால் உருப்படியாக இருக்கும்.

வன்முறைப் படம் பார்த்தால் வன்முறை செய்வார்கள் என்பது பரவலான நம்பிக்கை. வீடியோ கேம் விஷயத்தில் இதைப் பல வருஷம் ஆராய்ந்த அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது நிதானமானது: கத்துவது, தள்ளுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு தெரிகிறது, கொலை, தாக்குதல் போன்ற வன்முறைக்கு அதைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. டென்மார்க் 1969இலேயே பெரியவர்களுக்கான படத் தணிக்கையை எடுத்துவிட்டது. 1911இல் அரசுத் தணிக்கையைத் தொடங்கிய ஸ்வீடன் நூறு வருஷம் ஓட்டிவிட்டு 2011இல் பெரியவர்களுக்கு வேண்டாம் என்று முடித்துக்கொண்டது. அங்கெல்லாம் ஊர் குடிமுழுகிப் போகவில்லை.

நம் ஊரில் நிலைமை எங்கே நிற்கிறது என்பதற்கு, தொடங்கிய இயக்குநரின் பெயரையே சொல்லலாம். வெற்றிமாறன் தயாரித்த 'மனுஷி'க்கு வாரியம் சான்றிதழ் மறுத்தது. அவர் உயர் நீதிமன்றம் போனார். 2025 ஆகஸ்டில் நீதிபதியே படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பாயம் இருந்திருந்தால் இந்தச் சுற்று தேவைப்பட்டிருக்காது. அடுத்த மாதமே, இந்த இழுபறிகளைக் காரணம் சொல்லி, தன் தயாரிப்பு நிறுவனத்தை மூடப்போவதாக அவர் அறிவித்தார். தேசிய விருது வாங்கிய இயக்குநரின் கதி இது என்றால், கடன் வாங்கி முதல் படம் எடுக்கும் புளியந்தோப்புப் பையன் வட்டி ஏற ஏற வக்கீல் பீஸ் கட்டிக் காத்திருப்பானா? மியூட் பண்ணச் சொன்ன இடத்தில் எல்லாம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போவான்.

2016இல் ஷியாம் பெனகல் குழு கொடுத்த அறிக்கை இதற்குத் தீர்வு சொல்லியிருந்தது. வாரியம் வயதைக் குறித்துச் சான்றிதழ் மட்டும் கொடுக்கட்டும். 'ஏ'வுக்கு மேலே இன்னும் கடுமையான படங்களுக்கு எச்சரிக்கையோடு ஒரு பிரிவு வைக்கட்டும். வெட்டும் வேலை வேண்டாம். வயதுப் பிரிவை 2023இல் எடுத்துக்கொண்டார்கள். கத்திரியை மட்டும் யாரும் கீழே வைக்கவில்லை.